முதலில் ஆய்வு, பிறகு கம்பம்: தார்ப் பாலை பற்றி எங்கள் நிலைப்பாடு

மின்கம்பிகளில் மோதிச் சாகும் கானமயில் என்ற பறவையைக் காக்க நடந்த வழக்கு முடிந்துவிட்டதே, இனிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். 2025 டிசம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது உண்மைதான். ராஜஸ்தானில் 14,013 சதுர கிலோமீட்டரும் குஜராத்தில் 740 சதுர கிலோமீட்டரும் முன்னுரிமைப் பகுதி என்று வரையறுக்கப்பட்டன. அதற்குள் புதிய காற்றாலை கூடாது, 2 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதிய சூரியமின் நிலையம் கூடாது, புதிய பெரிய மின்தடங்கள் குறித்துக்கொடுத்த வழியில்தான் போக வேண்டும் என்று ஆகியிருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் வரைபடத்தில் கோடு போட்டதோடு வேலை தீர்ந்துவிடாது. அந்தக் கோடு எங்கே விழ வேண்டும் என்று சொன்னது களஆய்வு. கோட்டுக்கு உள்ளே பறவை பிழைக்கிறதா, வெளியே என்ன பறிபோகிறது என்று இனிச் சொல்லப்போவதும் களஆய்வுதான். அந்த ஆய்வுக்கு, திட்டம் தொடங்கும் முன்பே நடந்தாக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இந்த நாட்டில் இன்னும் வரவில்லை.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வறண்ட புல்வெளிகளில் பெரிய மின்திட்டம் எதற்கும் நிலம் ஒதுக்கும் முன்பே அந்த இடத்தின் காட்டுயிர் ஆய்வு முடிந்திருக்க வேண்டும். ஆய்வுக்குப் பணம் தருகிற நிறுவனம் ஆய்வாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கிடைத்த தரவு முழுவதும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். அந்த நிலத்தில் ஆடும் மாடும் ஒட்டகமும் மேய்ப்பவர்கள் சம்பளத்தோடும் பெயரோடும் அந்த ஆய்வில் இருக்க வேண்டும். இந்த நான்கையும் செய்யாமல் தாரில் நடப்படும் ஒவ்வொரு கம்பமும் எங்கள் கணக்கில் அவசரத்தில் நட்ட கம்பம்.

தமிழில் இயங்கும் அமைப்புக்கு ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் என்ன வேலை என்ற கேள்விக்கு நீளமான பதில் தேவையில்லை. கானமயில் ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்த பறவை. பஞ்சாபிலிருந்து தக்காணம் கடந்து தெற்குவரை பரவியிருந்த அதன் வாழிடத்தில் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. நம் பக்கம் அது எப்போது, எதனால் இல்லாமல் போனது என்று எழுதிவைத்த ஒரு நல்ல ஆய்வுகூட நம்மிடம் இல்லை. தாரிலாவது அப்படி ஆகக் கூடாது.

பறவையும் கம்பியும்

ராஜஸ்தானியர் இதைக் கோடாவண் என்பார்கள். 1981 முதல் அவர்களுடைய மாநிலப் பறவை. நிமிர்ந்து நின்றால் ஒரு மீட்டர் உயரம். ஆண் 15 கிலோவரை எடை கூடும். பறக்கக்கூடிய பறவைகளில் இந்த எடையை எட்டுபவை உலகில் மிகச் சில. மரத்தில் கூடு கட்டாது. வெறுந்தரையில் பொதுவாக ஒரே ஒரு முட்டை. மழை நன்றாகப் பெய்து புல்லும் வெட்டுக்கிளியும் மிகுந்த ஆண்டுகளில் அபூர்வமாக இரண்டு. நாயோ நரியோ அந்த முட்டையைத் தின்றுவிட்டால் பெரும்பாலும் அந்த ஆண்டு அவ்வளவுதான். இப்படி மெதுவாகப் பெருகும் உயிரினம் வளர்ந்த பறவைகளின் சாவைத் தாங்காது. குஞ்சு செத்தால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். பல ஆண்டுகள் முட்டையிட வேண்டிய ஒரு பெண் பறவை செத்தால் அந்த இழப்பை ஈடுகட்ட நீண்ட காலம் ஆகும்.

1969இல் நாடு முழுவதும் சுமார் 1,260 கானமயில்கள் இருந்ததாக மதிப்பிட்டார்கள். 2017-18இல் இந்தியக் காட்டுயிர் நிறுவனம் தார்ப் பகுதியை 144 சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவாக வண்டி ஓட்டிக் கணக்கெடுத்தபோது வந்த மதிப்பீடு 128. கூடக் குறைய 19. தாருக்கு வெளியே குஜராத், மகாராஷ்டிரம், ஆந்திரம், கர்நாடகம் எல்லாம் சேர்த்தும் விரல்விட்டு எண்ணுமளவுக்கே மிச்சம் இருந்தன. ஐயுசிஎன் பட்டியலில் 2011 முதல் அற்றுப்போகும் பேராபத்தில் உள்ள இனம்.

கம்பி ஏன் இதற்கு எமனாகிறது என்பதற்கும் ஆய்வே விடை தந்தது. கானமயிலின் ஆப்பிரிக்க உறவினமான கோரி கானமயிலின் பார்வைப் பரப்பை 2010இல் அளந்தார்கள். இந்தப் பறவைகளுக்குக் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கின்றன. முன்பக்கம் இரு கண்ணுக்கும் சேர்ந்து தெரியும் பரப்பு குறுகியது. பறக்கும்போது கீழே இரையையோ இணையையோ தேடித் தலையை 25 டிகிரி அளவுக்குக் குனிந்தாலே போகும் திசை முழுக்கக் குருடாகிவிடுகிறது. கம்பி கண்ணில் படும்போது சில மீட்டர்கள்தான் பாக்கி. 15 கிலோ உடம்பை அந்த இடைவெளியில் திருப்ப முடியாது. அடுத்த ஆண்டு கம்பியைக் கண்டு ஒதுங்கக் கற்றுக்கொள்ளும் என்று சொல்பவர்கள் உண்டு. பார்க்கவே முடியாததைக் கற்றுக்கொள்ளவும் முடியாது.

பிணத்தை எண்ணுவது

இந்த விவாதத்தில் அதிகம் திரிக்கப்படுவது சாவு எண்ணிக்கை. ஆகவே அதில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

காட்டுயிர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தாரில் 80 கிலோமீட்டர் மின்தடத்தின் அடியில் நடந்தார்கள். ஒரே தடத்தில் ஓராண்டுக்குள் ஏழு முறை. கண்டெடுத்தவை 289 பறவைப் பிணங்கள், ஏறக்குறைய 40 இனங்கள். அவற்றில் கானமயிலும் இருந்தது. உயர் அழுத்தத் தடங்களில் ஒவ்வொரு 10 கிலோமீட்டருக்கும் கிடைத்த பிணங்கள், தாழ் அழுத்தத் தடங்களைவிட அதிகம்.

கண்ணுக்குக் கிடைத்தது ஒரு பகுதிதான். பாலைவன நரி, தெருநாய், பருந்து, எறும்பு எல்லாம் ஆய்வாளருக்கு முன்பே வந்துவிடுகின்றன. சின்னப் பறவை விழுந்தால் ஓரிரு நாளில் இறகுகூட மிஞ்சாது. சேவண் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருக்கும் மழைக்காலத்தில் பெரிய பிணமும் ஆள் கண்ணுக்குத் தப்பும். அடிபட்ட பறவை எல்லாம் கம்பிக்கு நேர் கீழே விழும் என்பதும் இல்லை. தட்டுத்தடுமாறிப் போய் தூரத்தில் சாகும். அதனால்தான் முறையாகச் செய்யப்படும் ஆய்வில், தெரிந்த எண்ணிக்கையில் பிணங்களை ஆய்வாளர்களே போட்டுவைத்து, எத்தனை நாளில் எத்தனை காணாமல் போகின்றன, தேடுபவர் எத்தனையைக் கண்டுபிடிக்கிறார் என்று பார்த்து, அந்த விகிதத்தைக் கொண்டு கணக்கைத் திருத்துகிறார்கள். அப்படித் திருத்திப் பார்த்தபோது, சுமார் 4,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆண்டுக்கு 84,000 பறவைகள் சாகின்றன என்றும், கானமயில் மட்டும் ஆண்டுக்கு சுமார் 18 என்றும் மதிப்பீடு வந்தது. 128 பறவையில் 18.

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதம் ஒன்றுதான்: நேரில் கண்டெடுத்த கானமயில் பிணங்கள் சிலவே, மற்றது கணிதம். கணிதம்தான். ஆனால் மின்நிறுவனங்கள் காற்று எவ்வளவு வீசும், வெயில் எத்தனை யூனிட் தரும் என்று வங்கிக்குக் காட்டிக் கடன் வாங்குவதும் இதே வகைக் கணிதத்தை நம்பித்தான். காற்றுக்கு ஒத்துக்கொள்ளும் புள்ளியியல் பறவைக்கு மட்டும் எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்? தேடாத இடத்தில் பிணம் கிடைக்காது. ‘பதிவான சாவு இல்லை’ என்று ஒரு திட்ட அறிக்கை சொன்னால், யார், எந்தத் தடத்தில், எத்தனை நாளுக்கு ஒருமுறை நடந்து பார்த்தார்கள் என்று அடுத்த வரியில் சொல்ல வேண்டும். சொல்லாத அறிக்கையை நாங்கள் ஆதாரமாக ஏற்க மாட்டோம்.

இந்த எண்களும் சில ஆண்டுகள் பழையவை. அதற்குப் பிறகு தாரில் எத்தனையோ தடங்கள் புதிதாக வந்துவிட்டன. அதே முறையில், அதைவிட நீண்ட தூரத்தில், ஆண்டுதோறும் நடந்து பார்த்து வெளியிடும் ஏற்பாடு வேண்டும். அந்தத் தரவு வெளியாவது கடினமான காரியமே இல்லை. நாடெங்கும் மின்உற்பத்திக் கணக்கு தினந்தோறும் வெளியாகிறது.

தட்டு கட்டினால் போதுமா

நிறுவனங்களும் அரசும் அதிகம் நம்புவது கம்பியில் தொங்கவிடும் எச்சரிக்கைத் தட்டுகளை. காற்றில் சுழன்று மின்னும் இந்தத் தட்டுகளைப் பார்த்துப் பறவை விலகும் என்பது எண்ணம். பல பறவைகள் விலகுவதும் உண்மை. உலகெங்கும் நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால் மோதல் பாதியளவு குறைகிறது.

ஆனால் தென்னாப்பிரிக்காவின் காரூ வறள்நிலத்தில் பல ஆண்டுகள் நடந்த சோதனையை எங்கள் கண்ணிலிருந்து மறைக்க முடியாது. அங்கு ஒரே மின்தடத்தில் சில பகுதிகளில் தட்டு கட்டி, சில பகுதிகளைக் கட்டாமல் விட்டு ஒப்பிட்டார்கள். 2021இல் வெளியான முடிவு: நீலக் கொக்குகளின் சாவு பெருமளவு குறைந்தது, அங்குள்ள லுட்விக் கானமயிலுக்கு எந்தப் பலனும் இல்லை. முன்னே பார்க்காத பறவைக்கு முன்னே தொங்கும் தட்டு என்ன செய்யும்? நம் கானமயிலுக்கும் அதே கதிதான் என்று நாங்கள் அடித்துச் சொல்லவில்லை. அதே போன்ற ஒப்பீட்டுச் சோதனையைத் தாரில் நடத்திப் பார்க்காமல் தட்டு கட்டியதையே பாதுகாப்பு என்று கணக்கு எழுதக் கூடாது என்கிறோம். கட்டிய தட்டுகளில் வெயிலிலும் புயல்காற்றிலும் எத்தனை மிஞ்சுகின்றன என்று எண்ணிப் பார்ப்பதுகூட ஆய்வுதான். அதற்குத் தொலைநோக்கியும் ஒரு நோட்டுப்புத்தகமும் போதும்.

கம்பியை மண்ணுக்குள் புதைப்பது பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். 2021 ஏப்ரல் 19 ஆணையில் நீதிமன்றம் சுமார் 99,000 சதுர கிலோமீட்டரில் மேல்நிலைத் தடங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2024 மார்ச் 21 அன்று அதைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. அந்தத் தளர்வை எதிர்த்துக் காட்டுயிர் ஆர்வலர்கள் பலர் கொதித்தார்கள். எங்களுக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 33 கிலோவோல்ட் தடத்தைப் புதைக்க முடியும். செலவு கூடும், அவ்வளவுதான். 400, 765 கிலோவோல்ட் தடங்கள் வேறு. மாறுமின்னோட்டத்தை நெடுந்தூரம் நிலத்தடி கேபிளில் அனுப்பினால் கேபிளே மின்னூட்டத்தைத் தேக்கிக்கொள்கிறது. தூரம் போகப் போகப் பயனுள்ள மின்சாரத்துக்கு அதில் இடம் இல்லாமல் போகிறது. அத்தகைய தடங்களுக்கு வழி, பறவை போகாத பக்கமாகத் திருப்பி விடுவது. எந்தப் பக்கம் பறவை போகாது என்று எப்படித் தெரியும்? கருவி பொருத்திய பறவைகளைப் பின்தொடர்ந்தால் தெரியும். மறுபடி ஆய்வுக்குத்தான் வந்து நிற்கிறோம்.

3,162 சதுர கிலோமீட்டர் பாலைவனத் தேசியப் பூங்காவும் பொக்ரான் பீரங்கிப் பயிற்சித் திடலும் கானமயிலின் இரண்டு முக்கியப் புகலிடங்கள். 1974இலும் 1998இலும் அணுகுண்டு வெடித்துப் பார்த்த பொக்ரானின் பெயரோடு ஒரு பறவையின் கடைசி நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டிருப்பது விசித்திரம்தான். உழவும் வேலியும் கம்பியும் உள்ளே வராததால் அங்கே புல் மிஞ்சியது, புல் மிஞ்சியதால் பறவை மிஞ்சியது. இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில்தான் காற்றாலைகளும் தடங்களும் நெருக்கமாக நிற்கின்றன. 2025 தீர்ப்பு சொல்லும் புதைப்பும் இடமாற்றமும் முதலில் அங்கே நடக்க வேண்டும். எந்தத் தடத்தில் எத்தனை கிலோமீட்டர் முடிந்தது என்று மின்துறை மாதம்தோறும் வெளியிட வேண்டும்.

வெயிலுக்கு நாங்கள் எதிரியில்லை

சூரியமின்சாரம் வேண்டாம் என்பவர்கள் பட்டியலில் எங்களைச் சேர்க்க வேண்டாம். நிலக்கரியை விட்டு வெளியேறியாக வேண்டும். 2030க்குள் 500 ஜிகாவாட் புதைபடிவமல்லாத மின்திறன் என்ற இலக்கை ஆதரிக்கிறோம். மழை முறை தவறினால் முதலில் அடிபடும் நிலங்களில் தாரும் ஒன்று; ஜெய்சல்மேரில் ஆண்டு மழையே 200 மில்லிமீட்டருக்குக் கீழ். 2024 தீர்ப்பில் பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து பாதுகாப்புப் பெறுவதை அடிப்படை உரிமையோடு நீதிமன்றம் இணைத்ததையும் மதிக்கிறோம்.

எங்கள் சண்டை வேறு இடத்தில். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் சூரியமின் நிலையங்களும் இல்லை, காற்றாலைகளும் இல்லை. அனல்மின் நிலையம் கட்ட மதிப்பீடு வேண்டும். ஆயிரக்கணக்கான ஏக்கரைச் சமன்செய்து வேலிபோட்டுத் தகடு பரப்ப அது தேவையில்லை. புகை வராத தொழில் என்பதால் விலக்கு கொடுத்தார்கள். கூரையில் நாலு தகடு வைப்பவருக்கு அது நியாயம். மேய்ச்சல் நிலத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் பெருநிலையத்துக்கு எப்படி நியாயமாகும்?

இதோடு இன்னொரு பழைய வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. வருவாய்த்துறை ஆவணத்தில் மரம் இல்லாத நிலமெல்லாம் தரிசு. சேவண் புல் பரந்த சமவெளி, போக் புதர் நிற்கும் மணல்மேடு, முள்வால் பல்லி வளை தோண்டி வாழும் சரளைத் திடல் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். இந்தப் பல்லி கானமயிலுக்கும் கழுகுகளுக்கும் இரை. வேறெங்கும் போகத் தெரியாத பிராணி. சிங்காரா மானும் பாலைவனப் பூனையும் இதே சரளையில்தான். தரிசு என்று பதிவான நிலத்தை எடுத்துக் கொடுப்பது அதிகாரிக்கு எளிது, வாங்குவது நிறுவனத்துக்கு மலிவு. ஆய்வு செய்யாமல் கொடுக்க முடிகிற காரணமும் அதுவே: அங்கே ஒன்றும் இல்லை என்று காகிதம் ஏற்கெனவே சொல்லிவிட்டது.

இன்னும் ஒரு படி மேலே போய், அழித்த காட்டுக்கு ஈடாக மரம் நடும் திட்டங்களையும் இந்தப் புல்வெளிகளில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். புல்வெளிப் பறவைக்கு மரம் கேடு. அதிலும் சீமைக்கருவேலம். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு அந்த மரத்தைப் பற்றி நாங்கள் விளக்க வேண்டியதில்லை. தாரிலும் கட்ச்சிலும் அது செய்திருக்கும் வேலை இதே வேலை. சேவண் புல்வெளியில் மரம் நடுவதை முற்றாக நிறுத்த வேண்டும் என்பதும் எங்கள் நிலைப்பாட்டின் பகுதி.

எல்லாப் பழியையும் மின்கம்பியின் தலையில் போடுவதும் நேர்மையாகாது. இந்திரா காந்தி கால்வாய் தண்ணீர் கொண்டுவந்தபோதே புல்வெளி வயலாக மாறத் தொடங்கிவிட்டது. வயலோடு பூச்சிமருந்தும் குடியிருப்பும் நாயும் வந்தன. தெருநாய் முட்டையை மட்டுமல்ல, குஞ்சையும் விடுவதில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன்வரை துப்பாக்கிதான் பெரிய எதிரி; 1979இல் சவுதி அரபியாவிலிருந்து வந்த ஓர் இளவரசரின் வேட்டைக்கு எதிராக ராஜஸ்தானில் கிளம்பிய எதிர்ப்பு இந்தப் பறவையை நாடறியச் செய்தது. வேட்டை அடங்கிவிட்டது. உழவை நிறுத்தச் சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. கம்பி மட்டும் இன்றே, பணத்தாலும் திட்டத்தாலும் சரிசெய்யக்கூடிய காரணம். அதனால்தான் அதை முதலில் வைக்கிறோம்.

கண்டவர் மேய்ப்பவரே

2020 செப்டம்பரில் ஜெய்சல்மேரின் தேக்ராய் ஓரணில் மின்கம்பிக்கு அருகே ஒரு கானமயில் செத்துக் கிடந்தது. ஓரண் என்பது தெய்வத்தின் பெயரில் ஊர் விட்டுவைத்த பொதுநிலம். மரம் வெட்டுவதில்லை, உழுவதில்லை. மேய்க்கலாம், தண்ணீர் எடுக்கலாம். நம் ஊர்க் கோயில்காடுகளை அறிந்தவர்களுக்கு இது புரியும். தேக்ராய் போன்ற ஓரண்கள் பல்லாயிரம் பிகா (அங்குள்ள நில அளவு) பரப்புள்ளவை; அவற்றில் பல, வருவாய்ப் பதிவில் ஓரணாக ஏறவே இல்லை. அதனால் தடங்களும் தகடுகளும் அவற்றுக்குள் வந்தன. அந்த நிலத்தில் என்ன பறக்கிறது, எது எங்கே தண்ணீர் குடிக்கிறது, எந்தக் கம்பியின் கீழ் காலையில் இறகு கிடக்கிறது என்று அன்றாடம் பார்ப்பவர்கள் அங்கே மேய்ப்பவர்கள். அவர்கள் சொல்லித்தான் பல சாவுகள் வெளியே தெரிந்தன.

2024 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் ராஜஸ்தானின் ஓரண்களை அளந்து, காடாக அறிவிக்கச் சொன்னது. அளக்கும் வேலை முடியும்வரை எந்த ஓரணிலும் புதிய ஒதுக்கீடு கூடாது என்று கேட்கிறோம். அளப்பவர் செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்பாமல் ஊர்ப் பெரியவர்களோடு எல்லையில் நடந்து பார்க்க வேண்டும். ஓரணின் எல்லை பல ஊர்களில் ஒரு கல்லிலும் ஒரு கேஜ்ரி மரத்திலும் பதிந்திருக்கிறது. கேஜ்ரிதான் நம் வன்னி மரம். 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லியில் அந்த மரங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அம்ரிதா தேவியும் விஷ்னோய் மக்களும் உயிர்விட்டார்கள், 363 பேர். இன்று பிகானேர்ப் பக்கம் சூரியமின் நிலையங்களுக்காக அதே மரம் வெட்டப்படுவதை எதிர்த்து அதே சமூகம் தெருவில் உட்கார்ந்திருக்கிறது.

மக்களை வெளியே வைத்த பாதுகாப்பு என்ன ஆகும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் கரேரா ஒரு பாடம். 1980-களில் கானமயிலுக்காகச் சரணாலயம் அறிவித்தார்கள். நிலம் விவசாயிகளுடையதாகவே இருந்தது, ஆனால் விற்க முடியாமல் போனது. பாதுகாப்பில் வெளிமான் பெருகி வயலில் இறங்கியது. மகள் கல்யாணத்துக்கு ஒரு துண்டு நிலத்தை விற்க முடியாதவருக்குக் கானமயில் எதிரியானது. 1990-களில் அங்கே பறவையே இல்லாமல் போயிற்று. சரணாலயப் பலகை மட்டும் பல ஆண்டுகள் நின்றது. அந்தத் தவறு ஜெய்சல்மேரில் திரும்ப நடக்கக் கூடாது. முன்னுரிமைப் பகுதிக்குள் வாழும் ஊர்களுக்குக் கட்டுப்பாட்டை மட்டும் அனுப்பிவிட்டு, மின்சார வருமானத்தைக் கோட்டுக்கு வெளியே வைத்தால் அது நடக்கும். முட்டையிட்ட நிலத்தைக் காப்பவருக்குப் பணம், பிணத்தடத்தில் நடப்பவருக்கு மாதச் சம்பளம், ஆய்வறிக்கையில் அவர் பெயர் என்று கேட்பது இதனால்தான். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டின் ஒட்டகம் 2.5 லட்சமாகக் குறைந்திருந்தது. ஏழு ஆண்டில் 37 சதவீதச் சரிவு. மேய்ச்சல் நிலம் சுருங்கினால் ஒட்டகமும் கானமயிலும் சேர்ந்தே போகும். ஒட்டகம் மேய்க்கும் ராய்காக்களுக்கும் பறவை ஆய்வாளருக்கும் வேண்டியது ஒரே புல்.

கூண்டில் பெருகினால்

சாமிலும் ராம்தேவ்ராவிலும் உள்ள இனப்பெருக்க மையங்களைப் பற்றி நல்ல செய்திகள் வருகின்றன. மத்திய அரசும் ராஜஸ்தானும் காட்டுயிர் நிறுவனமும் கைகோத்து 2019இல் சாமில் தொடங்கிய பணி. காட்டிலிருந்து எடுத்த முட்டைகளைப் பொரிக்கவைத்தார்கள். பிறகு மையத்தில் வளர்ந்த பறவைகளே முட்டையிட்டன. 2024இல் ஓர் ஆணிடமிருந்து எடுத்த விந்தை 200 கிலோமீட்டர் தள்ளி இருந்த பெண்ணுக்குச் செலுத்தி முதல் குஞ்சும் வந்தது. அபுதாபியின் ஹூபாரா பாதுகாப்பு நிதியம் தொழில்நுட்பம் கற்றுக்கொடுத்தது. மையங்களில் பறவைகள் அறுபதைத் தாண்டியிருக்கின்றன. அங்கே வேலை செய்பவர்களின் பொறுமையை மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் இந்த வெற்றியைக் காட்டி வெளியில் நிலத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லும் பேச்சு கிளம்பியிருக்கிறது. பறவைதான் மையத்தில் பத்திரமாக இருக்கிறதே, இன்னும் ஏன் கம்பியைப் பற்றிப் புலம்புகிறீர்கள் என்கிறார்கள். மனிதக் கையில் வளர்ந்த குஞ்சுக்குக் கம்பியும் தெரியாது, நரியும் தெரியாது. அதைத் திறந்துவிடும் நாளில் அதற்கு எல்லாவற்றையும்விட அதிகம் தேவைப்படுவது கம்பியற்ற, நாயற்ற சில நூறு சதுர கிலோமீட்டர் புல்வெளி. திறந்துவிடப் போகும் இடத்தை இப்போதே தேர்ந்து, அங்கே பூச்சி, பல்லி, புல், நரி எல்லாவற்றையும் தொடர்ந்து பல ஆண்டு அளந்துவைக்க வேண்டும். பாலையில் ஓர் ஆண்டு அளவை ஏமாற்றும்: மழை பெய்த ஆண்டில் எல்லா இடமும் நல்ல இடம்போல் தெரியும்.

நாங்கள் கேட்பது

மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம்: வறண்ட புல்வெளிகளில் அமையும் பெரிய சூரியமின் நிலையங்களையும் காற்றாலைகளையும் அவற்றுக்கான மின்தடங்களையும் தாக்க மதிப்பீட்டுப் பட்டியலில் சேருங்கள். ஆய்வு குறைந்தது இரண்டு மழைக்காலத்தைப் பார்த்திருக்க வேண்டும். முன்னுரிமைப் பகுதிக்கு வெளியே என்பதால் விலக்கு என்று சொல்லக் கூடாது. அங்கே வரகுக்கோழியும் கழுகும் கொக்கும் இருக்கின்றன.

மின்நிறுவனங்களிடம்: ஆய்வுக்கான பணத்தைப் பொதுநிதியில் கட்டுங்கள். ஆய்வாளரைத் தேர்வது உங்கள் வேலை இல்லை. உங்கள் தடத்தின் அடியில் நடக்க வருபவரைக் காவலாளி வைத்துத் துரத்தாதீர்கள்.

ராஜஸ்தான் அரசிடம்: ஓரண் அளவையை முடியுங்கள். பிணக்கணக்கெடுப்பை ஆண்டுதோறும் நடத்தி, எண்களை அப்படியே வெளியிடுங்கள். நல்ல எண்ணை மட்டும் பொறுக்கி எடுத்து வெளியிட வேண்டாம்.

தமிழ் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மதிப்பீட்டுப் பட்டியலில் உள்ள இந்த ஓட்டை தாருக்கு மட்டும் உரியதில்லை, நாடு முழுவதற்கும் பொது. 2016இல் ராமநாதபுரம் கமுதியில் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் தொடங்கப்பட்டபோதும் அதே அறிவிக்கைதான் நடைமுறையில் இருந்தது. பட்டியலைத் திருத்தச் சொல்லி அமைச்சகத்துக்கும் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள். எழுதும்போது ஜெய்சல்மேரோடு உங்கள் மாவட்டத்துப் புல்வெளி ஒன்றின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.